ஸ்புரூஸ் மரத்தில் பட்டைவண்டுகளைத் திரட்டுவது மரத்தின் வாசனையா, வண்டின் வாசனையா?

செந்தூரன் (கோட்டிங்கன், ஜெர்மனி)

அனைவருக்கும் வணக்கம். சென்ற வாரம் ஹார்ட்ஸ் மலையில் ப்ரோக்கன் உச்சிக்குப் போகும் பாதையில் நடந்தேன். நான் இந்நாட்டுக்கு வந்த புதிதில் அந்தச் சரிவுகளில் பகலிலும் வெளிச்சம் விழாது; அவ்வளவு அடர்த்தியாக ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரங்கள் நின்றன. இப்போது கண்ணுக்கெட்டிய தூரம் வரை சாம்பல் நிறக் கம்பங்களே நிற்கின்றன. 2018 இல் தொடங்கிய வறட்சியும், அதைத் தொடர்ந்து பெருகிய எட்டுப்பல் பட்டைவண்டும் இதற்குக் காரணம் என்று அறிவிப்புப் பலகையில் எழுதியிருந்தார்கள். மரப்பட்டையின் உட்புறத்தில் வரிவரியாகக் கோடு பதிப்பதால் இந்த வண்டை ஜெர்மானியர்கள் ‘புத்தகம் அச்சடிப்பவன்’ என்றே அழைக்கிறார்கள்.

உயிரோடு மிஞ்சியிருக்கும் ஒரு தோப்புக்குச் சற்றுத் தள்ளி, வெட்டவெளியில், பக்கவாட்டில் கீறல் கீறலாகத் திறப்புகள் கொண்ட கறுப்புப் பெட்டிகளைக் கம்பங்களில் மாட்டியிருந்தார்கள். அங்கு நின்ற வனப் பணியாளர் ஒரு பெட்டியின் அடித்தட்டை இழுத்துக் காட்டினார். உள்ளே கைப்பிடி அளவுக்கு வண்டுகள் கிடந்தன. உள்ளே தொங்கும் சிறு பொட்டலத்திலிருந்து வரும் வாசனைதான் அவற்றை அழைக்கிறது என்றார்.

எனக்கு இரண்டு சந்தேகங்கள் எழுந்தன. காட்டில் வண்டுகளை இயல்பாக அழைப்பது வாடும் மரத்தின் வாசனையா, அல்லது ஏற்கெனவே வந்து சேர்ந்த வண்டுகளின் வாசனையா? இரண்டாவது, அந்த வாசனையைச் செயற்கையாகச் செய்ய முடிகிறது என்றால், இன்னும் ஆயிரம் பெட்டிகளைத் தொங்கவிட்டு இந்தக் காட்டைக் காப்பாற்றியிருக்க முடியாதா?

மலர்விழி

தம்பி செந்தூரன், முதல் கேள்விக்கு ‘இரண்டும்தான்’ என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் எது முதலில், எவ்வளவு தொலைவில், எந்த அளவில் என்று பிரித்துச் சொல்லாவிட்டால் அந்தப் பதிலால் பயனில்லை. செக் நாட்டில் ஆறு கோடைகள் இந்த வண்டோடு வேலை செய்தவள் என்ற முறையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

வசந்தத்தில் காற்றின் வெப்பம் 16, 18 பாகையைத் தாண்டியதும் இவை பறக்கத் தொடங்கும். நீளம் 4 முதல் 5 மில்லிமீட்டர்தான்; நெல்மணியில் பாதி இருக்கும். முதலில் மரத்தில் வந்து இறங்குவது ஆண் வண்டு. அது பட்டைச் செதிலுக்கு அடியில் ஓட்டை போட்டு உள்ளே நுழையும்போது, மரம் உடனே அந்தக் காயத்துக்குள் பிசினைத் தள்ளும். ஸ்புரூஸ் பிசினில் ஆல்பா பைனீன் என்ற பொருள் நிறைய உண்டு. வண்ணம் கலக்கும் டர்பன்டைன் எண்ணெயை முகர்ந்தவர்கள் அந்த வாசனையை அறிவார்கள். வண்டுக்கு அது நஞ்சு. அளவு மிகுந்தால் வண்டு சாகும், அல்லது பிசினில் ஒட்டிக்கொண்டு வெளியே தள்ளப்படும்.

தப்பிப் பிழைக்கும் ஆண் வண்டின் உடலில் நடப்பதுதான் இந்தக் கதையின் மையம். அதன் நொதிகள் ஆல்பா பைனீனோடு ஓர் ஆக்சிஜனைச் சேர்த்து, சிஸ்-வெர்பினால் என்ற பொருளாக மாற்றுகின்றன. நஞ்சைக் கரையக்கூடியதாக்கி வெளியேற்றும் வேலையாகவே இது தொடக்கத்தில் இருந்திருக்கலாம் என்பது என் எண்ணம். ஆனால் இன்று அந்தக் கழிவே, ‘இங்கே ஒருவன் உள்ளே போய்விட்டான், வாருங்கள்’ என்று மற்ற வண்டுகளுக்குச் சொல்லும் செய்தியாக இருக்கிறது. இதனோடு மெத்தில்பியூட்டினால் என்ற இன்னொரு பொருளையும் ஆண் வெளியிடுகிறது. அதை மரத்திலிருந்து எடுக்காமல் தானே உடலுக்குள் தயாரிக்கிறது. இவை இரண்டும் சேர்ந்தால்தான் இழுப்பு வலுவாக இருக்கும். நார்வேயில் பாக்கே என்பவரின் குழு 1977 இல் இதைக் கண்டறிந்தது. நீங்கள் பார்த்த பொட்டலத்தில் இருப்பதும் அடிப்படையில் இந்தக் கலவையே.

இந்த அழைப்புக்கு ஆண், பெண் இரண்டும் வரும். மரம் வறட்சியில் வாடியிருந்தால் சில நூறு வண்டுகளே அதன் பிசினை வற்றவைத்துவிடும். நன்றாக நீர் குடித்து நிற்கும் மரத்தை வீழ்த்தப் பல ஆயிரம் வேண்டும். எனவே வண்டுக்குத் துணையைத் தேடுவதும் படையைத் திரட்டுவதும் ஒரே காரியமாகிவிட்டது. ஒவ்வோர் ஆணும் பட்டைக்கு அடியில் ஒரு சிறு அறை குடைந்து, இரண்டு மூன்று பெண்களை ஏற்றுக்கொள்ளும். கூடல் முடிந்ததும் அழைக்கும் பொருள்களின் அளவு குறைகிறது. இப்ஸினால், இப்ஸ்டையினால் என்ற வேறு இரண்டு பொருள்கள் தலைகாட்டுகின்றன. துளைகளில் குடியேறிய ஈஸ்ட்டுகளும் பாக்டீரியங்களும் சிஸ்-வெர்பினாலை மேலும் மாற்றி வெர்பினோன் என்ற பொருளை உண்டாக்குகின்றன. வெர்பினோன் மிகுந்த மரத்தை அடுத்து வரும் வண்டு தவிர்க்கிறது. உள்ளே இடம் நிறைந்துவிட்டது, புழுக்களுக்கு உணவு போதாது என்பதே அதற்கு அர்த்தம். அந்த வண்டுகள் திரும்பிப் போய்விடுவதில்லை, பக்கத்து மரத்துக்கு மாறுகின்றன. காடு திட்டுத் திட்டாகச் சாவது இதனால்தான்.

முன்னோடி ஆண் அந்த முதல் மரத்தை எப்படித் தேர்ந்தெடுக்கிறது என்றால், வாடிய மரத்தின் பிசின் வாசனை தொலைவிலிருந்தே அதை இழுத்து வருகிறது.

இராமசாமி (பொள்ளாச்சி)

அம்மா, நான் தென்னை விவசாயி. ஸ்புரூஸ் மரத்தைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் நீங்கள் சொல்வது எனக்கு அப்படியே புரிகிறது. எங்கள் தோப்பில் சிவப்புக் கூன்வண்டுக்கு வாளிப் பொறி வைக்கிறோம். ஃபெரோமோன், அதாவது வண்டு வண்டை அழைக்கும் வாசனைப் பொருள், அடைத்த குப்பியை மட்டும் கட்டினால் விழும் வண்டு குறைவு. வாளிக்குள் கரும்புத் துண்டோ அன்னாசித் துண்டோ போட்டுப் புளிக்க விட்டால்தான் நன்றாக விழுகிறது. அங்கேயும் மரத்தின் வாசனையும் வண்டின் வாசனையும் சேர்ந்தால்தான் வேலை நடக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முதன்முதலில் பொறி வாங்கிய ஆண்டு, அறியாமல் தோப்பின் நடுவில் ஓர் இளமரத்தின் தண்டிலேயே வாளியைக் கட்டிவிட்டேன். வாளியில் விழுந்தவை போக, மீதி வண்டுகள் அந்த மரத்தையும் அடுத்த மரத்தையும் பிடித்துக்கொண்டன. குருத்து சாய்ந்த பிறகே எனக்குத் தெரிந்தது. ஆறு வயது மரங்கள். இன்றும் அந்த இடத்தைக் கடக்கும்போது மனம் கனக்கிறது.

மலர்விழி

ஐயா, மிகச் சரியாகச் சொன்னீர்கள். தென்னைக் கூன்வண்டும் இந்தப் பட்டைவண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டிலும் ஆண்தான் அழைக்கிறது, அழைப்புக்கு இரு பாலும் வருகின்றன. ஆகவே ‘இனக்கவர்ச்சிப் பொறி’ என்று நம் ஊரில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் வைத்திருப்பது இவ்விடத்தில் முழுப் பொருத்தமாக இல்லை. அந்துப்பூச்சியில் பெண்ணின் வாசனைக்கு ஆண் மட்டும் வருகிறது. இங்கு நடப்பது திரள் அழைப்பு. உங்கள் இளமரங்களுக்கு நேர்ந்ததும் ஜெர்மன் காடுகளில் நன்கு அறியப்பட்ட ஆபத்துதான். பொறியை உயிருள்ள ஸ்புரூஸிலிருந்து குறைந்தது 10 முதல் 15 மீட்டர் தள்ளி வைக்கச் சொல்கிறார்கள். செந்தூரன் பார்த்த பெட்டிகள் வெட்டவெளியில் நின்றதன் காரணம் அதுவே.

கதிரவன்

மலர்விழி அவர்களின் விளக்கத்தைப் பெரிதும் ஏற்கிறேன். ஆனால் அவருடைய முதல் பதிலின் கடைசி வாக்கியத்தை மறுக்க வேண்டியிருக்கிறது. நான் வேதியியல் படித்தவன். பிசின்களின் ஆவியாகும் பொருள்களில் சில காலம் வேலை செய்தேன்.

வாடிய மரத்தின் வாசனை தொலைவிலிருந்து முன்னோடி வண்டை இழுக்கிறது என்பது கேட்பதற்கு இயல்பாக இருக்கிறது. ஆனால் எட்டுப்பல் வண்டைப் பொறுத்தவரை, பிசினின் பொருள்களை மட்டும் பொறியில் வைத்துக் காட்டில் சோதித்தால், ஃபெரோமோன் வைத்த பொறியோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குக் குறைவாகவே வண்டுகள் விழுகின்றன. அமெரிக்காவின் பைன் காடுகளில், 1980களின் தொடக்கத்திலேயே மூக், வுட் ஆகியோர் முன்வைத்த கருத்து, முன்னோடி வண்டுகள் நலமான மரத்திலும் வாடிய மரத்திலும் ஏறத்தாழ ஒரே போல் வந்து இறங்குகின்றன என்பது. இறங்கிய பிறகு, பட்டையின் மேல் நடந்து, முகர்ந்து, கடித்துப் பார்த்துத்தான் தங்குவதா கிளம்புவதா என்று அவை முடிவு செய்கின்றன.

மரத்தின் வாசனை மட்டுமே வண்டை இழுப்பது உண்மையிலேயே நடக்கிறது. ஆனால் வேறு இனத்தில். ஐரோப்பாவில் பைன் மரத்தைத் தாக்கும் டொமிகஸ் என்ற வண்டு, புதிதாக வெட்டி அடுக்கிய பைன் கட்டைகளுக்கு, ஃபெரோமோன் அழைப்பு எதையும் பெரிதாக நம்பாமல், ஆல்பா பைனீன், டெர்பினோலின், கேரீன் ஆகியவற்றின் வாசனையை வைத்தே வந்து சேர்கிறது. சுவீடனில் 1985 இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாக்கியது. டொமிகஸ் பெரும்பாலும் செத்த கட்டையிலும் சாகும் மரத்திலும் முட்டையிடுவது. எதிர்த்து நிற்கும் மரத்தை வீழ்த்தப் படை திரட்ட வேண்டிய தேவை அதற்கு அவ்வளவாக இல்லை. இதை எண்ணிப் பார்த்தால் வேறுபாடு விளங்கும்.

இன்னொரு செய்தியையும் சேர்க்கிறேன், ஏனெனில் இதில் என் துறையே நெடுங்காலம் தவறியிருந்தது. பட்டைவண்டின் ஃபெரோமோன் முதன்முதலில் பிரிக்கப்பட்டது 1966 இல், கலிஃபோர்னியாவில், சில்வர்ஸ்டீன், ரோடின், வுட் ஆகிய மூவரால். இப்ஸினால், இப்ஸ்டையினால், சிஸ்-வெர்பினால் ஆகிய மூன்றும் கலந்தே, பைன் மரத்தைத் தாக்கும் அந்த அமெரிக்க இனத்தின் அழைப்பு அமைந்திருந்தது. தனித்தனியாக அவற்றுக்கு வலுவில்லை. இப்ஸ்டையினாலின் கட்டமைப்பு பைன் பிசினில் உள்ள மிர்சீனை ஒத்திருந்ததால், வண்டு மரத்திலிருந்தே மூலப்பொருளை எடுக்கிறது என்று எல்லோரும் நம்பினோம். 1995 இல் சீபோல்டும் சக ஆய்வாளர்களும் கதிரியக்கக் கார்பன் ஏற்றிய அசிட்டேட் என்ற எளிய மூலப்பொருளை வண்டுகளின் உடலில் செலுத்தி, அந்தக் கார்பன் இப்ஸினாலிலும் இப்ஸ்டையினாலிலும் வந்து சேர்வதைக் காட்டினார்கள். வண்டு தானே அவற்றை அடியிலிருந்து கட்டுகிறது. ஆகவே ஒரு பொருள் மரத்தில் இருப்பதை ஒத்திருக்கிறது என்பதால் மட்டும் அது மரத்திலிருந்து வந்தது என்று முடிவு கட்டக் கூடாது. சிஸ்-வெர்பினால் மரத்தின் ஆல்பா பைனீனிலிருந்து வருவது உறுதி. எல்லாவற்றுக்கும் அந்த விதியை நீட்ட முடியாது.

மலர்விழி

கதிரவன் அவர்களே, தொலைவு பற்றிய என் வாக்கியத்தைத் திரும்பப் பெறுகிறேன். பல மீட்டர் தொலைவிலிருந்து வாடிய மரத்தைத் தேர்ந்தெடுக்கிறது என்று அவ்வளவு உறுதியாக நான் எழுதியிருக்கக் கூடாது. ஆனால் மரத்தின் வாசனைக்கு இதில் பங்கு குறைவு என்ற முடிவுக்கு யாரும் வந்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பங்கு வேறு இரண்டு இடங்களில் மிக வலுவாகத் தெரிகிறது.

ஒன்று, வேண்டாத மரத்தின் வாசனை. ஸ்புரூஸோடு கலந்து வளரும் பிர்ச் மரத்தின் இலையிலிருந்து வரும் பச்சிலை ஆல்கஹால்களும், அதன் பட்டையிலிருந்து வரும் கானோஃப்தோரின் என்ற பொருளும், ஃபெரோமோன் பொறிக்கு அருகில் இருந்தாலே விழும் வண்டுகளின் எண்ணிக்கை கணிசமாகக் குறைகிறது. புல் வெட்டிய உடனே எழும் அந்தப் பச்சை வாசனையைத்தான் பச்சிலை ஆல்கஹால் என்கிறேன். ‘இது உனக்கான மரமல்ல’ என்ற தகவல் வண்டுக்கு அவ்வளவு முக்கியம். சுலோவாக்கியாவிலும் சுவீடனிலும் இந்தப் பொருள்களோடு வெர்பினோனையும் கலந்து காட்டின் ஓரங்களில் தொங்கவிட்டுப் பாதுகாக்க முயன்றிருக்கிறார்கள். ஒற்றை இன மரத்தை மட்டும் வரிசையாக நட்ட காடுகள் எளிதில் வீழ்வதற்கு, வறட்சியோடு, இந்தக் கலப்பு வாசனை இல்லாததும் ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன். ஹார்ட்ஸில் சுரங்கங்களுக்கு மரம் வேண்டும் என்பதற்காகப் பல தலைமுறைகள் ஸ்புரூஸையே நட்டு வந்தார்கள் என்பதைச் செந்தூரன் அறிந்திருப்பார்.

இரண்டாவது இடம் பட்டைக்கு உள்ளே. இதைப் படித்த நாளில் எனக்கு உண்மையாகவே வியப்பாக இருந்தது. இந்த வண்டுகள் நீலக்கறைப் பூஞ்சைகளைத் தம்மோடு சுமந்து வருகின்றன. ஜெனா நகரின் மாக்ஸ் பிளாங்க் வேதிச் சூழலியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்களும் சக குழுக்களும் 2023 இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்தப் பூஞ்சைகள் மரத்தின் பிசினில் உள்ள போர்னைல் அசிட்டேட் போன்ற பொருள்களை உடைத்து, கற்பூரம் முதலிய ஆக்சிஜன் ஏறிய பொருள்களாக மாற்றுகின்றன. ஆம், நாம் ஆரத்தித் தட்டில் ஏற்றும் அதே கற்பூரம். வண்டின் உணர்கொம்பில் இத்தகைய பொருள்களுக்கென்றே நரம்பணுக்கள் இருக்கின்றன. தன் பூஞ்சை ஏற்கெனவே வேலையைத் தொடங்கிய இடம் எது என்பதை வண்டு அதைக் கொண்டு அறிகிறது. மரம் நஞ்சாகத் தள்ளியதைப் பூஞ்சை மாற்றுகிறது, மாறியதை வண்டு வாசிக்கிறது. மரம், வண்டு என்று இரண்டு பெயரை மட்டும் சொல்லி நாம் பேசத் தொடங்கினோம். மூன்றாவதாகப் பூஞ்சையையும் சேர்க்க வேண்டும்.

தவமணி (பதுளை)

வணக்கம். எங்கள் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் தண்டு துளைக்கும் சிறு கறுப்பு வண்டு ஒன்று நெடுங்காலமாக உண்டு. கவாத்து வெட்டிய இரண்டாம், மூன்றாம் ஆண்டில் கிளைகளில் ஊசி குத்தியது போல் ஓட்டைகள் தெரியும். கொழுந்து எடுக்கும்போது கை பட்டாலே கிளை முறிந்துவிடும். அதுவும் உள்ளே பூஞ்சை வளர்த்துத்தான் சாப்பிடுகிறது என்று தோட்டத்தில் சொல்வார்கள். அதற்கும் இப்படி அழைப்பு வாசனை உண்டா? இருந்தால் ஸ்புரூஸுக்கு வைப்பது போல் பொறி வைக்கலாமே?

கதிரவன்

அம்மா, அது பட்டைவண்டின் நெருங்கிய உறவுதான். பூஞ்சையை விவசாயம் செய்யும் கிளையைச் சேர்ந்தது. ஆனால் அதன் வாழ்க்கை முறை வேறு. ஆணுக்குப் பறக்க இயலாது. பிறந்த துளைக்குள்ளேயே உடன்பிறந்த பெண்களோடு கூடுகிறது. பெண் கருவுற்ற பிறகே வெளியே பறக்கிறது. எனவே துணையையோ படையையோ அழைக்கும் தேவை அதற்கு இல்லை. பூஞ்சைக்கு ஏற்ற தண்டைக் கண்டுபிடித்தால் போதும். அதே கூட்டத்து வண்டுகள் ஃபுளோரிடாவில் அவகாடோ மரங்களைத் தாக்கியபோது, குவெர்சிவோரால், ஆல்பா கோபேன் ஆகிய இரண்டு பொருள்கள் அவற்றை நன்றாக இழுப்பதைக் கண்டார்கள். அவற்றைக் கொண்டு பொறி வைக்க முடியும். எப்போது பறக்கின்றன, எந்தப் பக்கம் கூடுகின்றன என்பதை அறிய அது உதவும். ஒவ்வொரு கிளைக்குள்ளும் ஒரு குடும்பமே அடைந்து கிடக்கும்போது, பறக்கும் பெண்களைப் பிடிப்பதால் மட்டும் தோட்டம் தேறிவிடும் என்று நம்பிக்கை கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

செந்தூரன்

அனைவருக்கும் நன்றி. என் இரண்டாவது கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை என்பதை நினைவூட்டுகிறேன். வண்டு இப்படி வாசனைக்கு வருகிறது என்றால், பொறியால் காட்டைக் காப்பாற்ற முடியாதது ஏன்?

மலர்விழி

அதை ஏற்கெனவே ஒரு நாடு முழு மனத்தோடு முயன்று பார்த்துவிட்டது, தம்பி. 1970களின் இறுதியில் நார்வேயில் பெரும் தாக்குதல் நடந்தபோது, 1979 இல் மட்டும் ஏறத்தாழ 6 லட்சம் பொறிகளைக் காடுகளில் வைத்தார்கள். நூற்றுக்கணக்கான கோடி வண்டுகள் பிடிபட்டன. தாக்குதல் பிறகு தணிந்தது. ஆனால் அது பொறிகளால் தணிந்ததா, வானிலை மாறியதாலா, வாடிய மரங்களை அகற்றியதாலா என்பதை யாராலும் தெளிவாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஒரு பெண் வண்டு ஐம்பதுக்கும் மேல் முட்டையிடும். வெப்பமான ஆண்டில் இரண்டு, சில இடங்களில் மூன்று தலைமுறைகள் வந்துவிடும். பாதி வண்டுகளைப் பிடித்தாலும் மிஞ்சிய பாதி அந்தக் கோடையிலேயே இழப்பை ஈடுகட்டிவிடும். இன்னொரு சிக்கல், தாக்கப்படும் ஒரு மரத்தில் ஆயிரக்கணக்கான ஆண்கள் ஒரே நேரத்தில் அழைக்கின்றன; நம் சிறு பொட்டலம் அதோடு போட்டியிட வேண்டியிருக்கிறது.

எனக்குப் பெரிதும் வருத்தம் தரும் செய்தி ஒன்றும் உண்டு. பட்டைவண்டைத் தின்னும் ‘எறும்பு வண்டு’ என்ற சிவப்பும் கறுப்புமான வண்டு, இரையின் ஃபெரோமோனை மோப்பம் பிடித்தே மரத்துக்கு வருகிறது. அதுவும் நம் பொறியில் விழுகிறது. பொறியைக் காலி செய்யும்போதெல்லாம் அவற்றைப் பொறுக்கி வெளியே விடுவேன். பல சமயம் தாமதமாகியிருக்கும்.

இன்று பொறியை வைப்பது பெரும்பாலும் கணக்கெடுக்கத்தான்: வண்டு எப்போது எழுந்தது, எவ்வளவு வேகமாகப் பெருகுகிறது என்று அறியலாம். காட்டைக் காப்பது, தாக்கிய மரத்தைப் புழுக்கள் வண்டாகிப் பறப்பதற்கு முன் கண்டுபிடித்து அகற்றும் வேலைதான். தாக்கிய மரம் பல வாரங்கள் பச்சையாகவே நிற்பதால் அது கடினம். செயற்கை ஃபெரோமோனைக் கொண்டு பழக்கிய மோப்ப நாய்கள் நூறு மீட்டருக்கு அப்பாலிருந்தும் அத்தகைய மரங்களைக் காட்டிக்கொடுத்ததைச் சுவீடனில் பதிவு செய்திருக்கிறார்கள்.

இராமசாமி (பொள்ளாச்சி)

நாய் பழக்கும் செய்தி எனக்குப் புதிது. தென்னையில் குருத்து சாயும் முன்பே யாராவது சொல்லிவிட்டால் ஒரு மரத்தோடு போய்விடும். எங்கள் பக்கம் தண்டில் காதை வைத்துப் புழு மெல்லும் சத்தத்தைக் கேட்பார்கள்; எனக்கு இப்போது காது அவ்வளவு கேட்பதில்லை.

செந்தூரன்

நேற்று மீண்டும் போய் வந்தேன். அந்த வனப் பணியாளரிடம் நம் உரையாடலைச் சொன்னதும், புயலில் சாய்ந்து கிடந்த ஒரு ஸ்புரூஸிடம் அழைத்துச் சென்றார். மேலே ஊசியிலைகள் பச்சையாகவே இருந்தன. பட்டைச் செதில்களின் இடுக்கில் காப்பித்தூள் போலப் பழுப்பு மாவு படிந்திருந்தது. கத்தியால் ஒரு முழம் பட்டையை அவர் பெயர்த்து என் கையில் கொடுத்தார். மலர்விழி அக்கா சொன்ன டர்பன்டைன் வாசனை முதலில் வந்தது. அதன் அடியில் ஈரமான, சற்றுப் புளித்த வேறொரு வாசனை இருந்தது. நடுவில் கடுகளவு அறை. அதிலிருந்து தண்டின் வாக்கில் மேலே இரண்டும் கீழே ஒன்றுமாக மூன்று பாதைகள். ஓர் ஆண், மூன்று பெண்கள் என்று அவர் எண்ணிக் காட்டினார். பாதைகளின் இருமருங்கிலும் பக்கவாட்டில் மெல்லிய கோடுகள் கிளைத்து, ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு வெள்ளைப் புழு இருந்தது.

இன்னும் கூட்டுப்புழுவாகவில்லை, எனவே அடுத்த வாரத்துக்குள் பட்டையை உரித்துவிட்டால் இந்த மரத்திலிருந்து ஒரு வண்டும் பறக்காது என்றார். திரும்பும் வழியில், செத்த மரங்களுக்கு நடுவே இடுப்பளவு உயரத்தில் பிர்ச் கன்றுகள் தாமாக முளைத்து நிற்பதைப் பார்த்தேன். பட்டையின் படங்களை இன்று மாலை பதிவேற்றுகிறேன். மூன்றாவது பாதையின் முனையில் தெரியும் கறை நீலக்கறைப் பூஞ்சைதானா என்று அக்கா பார்த்துச் சொல்ல வேண்டும்.